என்.ஜி.ஓ. வேலையா? ஆர்டரில் ‘கன்சல்டன்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள்

மாதம் 25,000 ரூபாய் என்று பேசி எடுப்பார்கள். கைக்கு வருவது 22,500. பிடிக்கிற 2,500 பிஎஃப்புக்குத்தான் போகிறது என்று நம்பி மூன்று வருடம் ஊர் ஊராகக் குழுக் கூட்டம் நடத்தியவருக்கு, புராஜெக்ட் முடியும்போதுதான் விஷயம் புரியும். பிடித்தது 10 சதவீத டிடிஎஸ், அதாவது வருமான வரிப் பிடித்தம். பிஎஃப் கணக்குக்கான யூஏஎன் எண்ணே போடவில்லை. காகிதத்தில் அவர் ஊழியரே இல்லை, கன்சல்டன்ட்.

இழப்பைக் கணக்குப் போடுங்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் நிறுவனம் தன் பங்காக மாதம் 1,800 கட்டியிருக்க வேண்டும். 36 மாதத்துக்கு 64,800. அதில் மாதம் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போயிருக்கும், அந்த சர்வீஸும் போயிற்று. டிடிஎஸ் 90,000 ரூபாயாவது திரும்புமா என்றால், அந்தந்த வருடம் வருமான வரி ரிட்டர்ன் போட்டிருந்தால்தான். டிசம்பர் 31 கெடுவைத் தாண்டிவிட்டால் ரீஃபண்ட் வாங்குவது பெரும்பாடு.

சேர்ந்த சில மாதத்திலேயே கண்டுபிடிக்க வழி உண்டு. வருமான வரித் தளத்தில், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். 2025-26 நிதியாண்டு வரைக்குமான பிடித்தத்துக்கு எதிரே பிரிவு 192 என்றிருந்தால் சம்பளம், 194ஜே என்றிருந்தால் கன்சல்டன்டுக்குத் தரும் கட்டணம். பெயரை மாற்றியதாலேயே சட்டம் கைகழுவிவிடாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, லீவுக்கு அனுமதி, ஒரே நிறுவனத்துக்கு முழுநேர வேலை எல்லாம் இருந்தால் ஊழியர் என்று வாதாட இடம் இருக்கிறது. அதற்குச் சான்றாக பதிவேட்டுப் பக்கத்தின் போட்டோ, டிஏ (பயணப்படி) பில் நகல், ஒருங்கிணைப்பாளர் வாட்ஸாப்பில் போட்ட உத்தரவுகள், பேங்க் ஸ்டேட்மென்ட் நான்கையும் வேலையில் இருக்கும்போதே சேர்த்துவையுங்கள். வெளியே வந்தபின் ஒன்றும் கிடைக்காது.

“ஃபண்டர் (நிதி தரும் அமைப்பு) பிஎஃப்புக்குப் பணம் தருவதில்லை” என்பார்கள். பல புராஜெக்ட் பட்ஜெட்டுகளில் சம்பளத் தொகைக்குக் கீழேயே அதற்கென்று தனி ஒதுக்கீடு இருக்கும். காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒதுக்கீடு இல்லாவிட்டாலும் கடமை நிறுவனத்துடையது. “எஃப்சிஆர்ஏ வந்து கையைக் கட்டிவிட்டது” என்பது அடுத்த சாக்கு. வெளிநாட்டு நன்கொடைக்கான அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் நிர்வாகச் செலவு வரம்பை 50லிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது உண்மைதான். ஆனால் மருத்துவமனை டாக்டர், பள்ளி ஆசிரியர் போல நேரடிச் சேவையில் இருப்பவர் சம்பளம் அந்த வரம்புக்குள் வராது.

“எங்களிடம் 20 பேர் இல்லை” என்றும் சொல்வார்கள். பிஎஃப்புக்கு 20 பேர் வேண்டும், சரி. ஒரே ஆபீசில் ட்ரஸ்ட் ஒன்று, சொசைட்டி ஒன்று என்று பதிவு செய்து ஆளைப் பிரித்துக் காட்டும் தந்திரம் இங்கேதான் வருகிறது. நிர்வாகமும் கணக்கும் ஒன்றே என்றால் சேர்த்து எண்ண பிஎஃப் அதிகாரிக்கு வழி உண்டு.

பிஎஃப் பிடிக்கிற இடத்திலும் கவனம் வேண்டும். ஆர்டரில் போட்ட மாதச் சம்பளத்திலிருந்து 12 அல்ல, 24 சதவீதம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நிறுவனப் பங்கை ஊழியர் கூலியில் கழிக்கக் கூடாது. பிடித்த பணம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். பிஎஃப் பாஸ்புக்கில் இரண்டு மாதமாக வரவு இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பிஎஃப்பை நடத்தும் இபிஎஃப்ஓவின் குறைதீர் தளத்தில் புகார் போடலாம், செலவில்லை.

11 மாத ஒப்பந்தம், நடுவில் ஒரு வாரம் இடைவெளி என்பது பணிக்கொடையை (கிராஜுவிட்டி) வெட்டும் உத்தி. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் ஐந்து வருடத்துக்கு 15,000 × 15 ÷ 26 × 5 என்று 43,269 ரூபாய் வரும். வருடத்துக்கு 240 நாள் வேலை செய்திருந்தால் தொடர் சர்வீஸ் என்று கேட்க இடமுண்டு.

இதில் மிகக் கேவலமானது ‘திருப்பித் தருவது’. கணக்கில் 18,000 ஏறும், மறுநாள் 3,000 ரொக்கமாக நிர்வாகியின் மேசைக்குப் போக வேண்டும், ட்ரஸ்டுக்கு நன்கொடையாம். ஆடிட்டர் பார்வைக்கு எல்லாம் சுத்தம். பேங்க் மூலம் அனுப்புகிறேன், வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

கடைசி நாளில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சர் ஒன்று வரும், தொகை இடம் காலியாக. ரிலீவிங் லெட்டருக்காக அதில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தொகையையும் தேதியையும் நீங்களே எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள்.