அம்மாவுக்கு நினைவு மலர்: திருவல்லிக்கேணி அச்சகங்கள் எதில் தேறும், எதில் சறுக்கும்

திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைச் சந்துகளில் இருக்கும் சிறு அச்சகங்களின் வேலையில் தாள், வெட்டு, ஸ்டேப்ளர் பின் எல்லாம் தேறிவிடும். சறுக்குவது தமிழில்.

ஏ5 அளவில் 16 பக்கம், உள்ளே 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் பேப்பர், அட்டை 300 ஜிஎஸ்எம், பளபளப்பில்லாத மேட் லேமினேஷன், நடுவில் பின். கிறிஸ்தவக் குடும்பத்தின் முப்பதாம் நாள் நினைவு ஆராதனைக்கு இது போதும். நூறு, இருநூறு பிரதி என்றால் டிஜிட்டல் அச்சு. ஆயிரத்தைத் தொட்டால் ஆஃப்செட். பக்கம் நான்கின் மடங்கில்தான் வரும். 18 பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனால் இரண்டு பக்கம் காலியாக நிற்கும். அடர்நிற அட்டையில் லேமினேஷனை மிச்சம் பிடித்தால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக்கோடு தெரியும்.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பலாம், பென் டிரைவ் இன்னும் நல்லது. பாஸ்போர்ட் அளவுப் படம்தான் இருக்கிறது என்றால் 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், ஏறக்குறைய முழுப் பக்கத்துக்கு வரும். பழைய படம் சட்டக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது, மேல்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யலாம். 'டச்சப்' என்று மச்சத்தையும் கன்னக்குழியையும் அழித்துவிடுவார்கள். அம்மா யாரோ ஆகிவிடுவார். வழக்கமாக இடது தோளில் இருக்கும் முந்தானை வலது தோளில் விழுந்திருந்தால் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கலாம்.

இனி தமிழ். ஃபோனில் அடிக்கும் தமிழ் போல யூனிகோடில் கொடுத்ததை அவர்களுடைய பழைய மென்பொருள் பெரும்பாலும் சரியாக ஏற்காது. கொம்பு இடம் மாறிக் 'கொ' உடையும். ஆபரேட்டர் பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருவில் மறுபடி அடிப்பார், துணைக்காலும் 'ர'வும் குழம்பும். ஆகவே பிழை பார்க்க வேண்டியது நீங்கள் கொடுத்த கோப்பில் அல்ல, அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பில். பேரப்பிள்ளைகளின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்க்கட்டும்.

கடையில் ஏற்கெனவே இருக்கும் மாதிரி வாசகம் இன்னும் மோசம். 'சிவலோக பதவி', 'பரமபதம்', 'கர்த்தருக்குள் நித்திரை', 'வஃபாத்' எல்லாம் ஒரே கோப்பில் கிடக்கும். முந்தைய வாடிக்கையாளருடையது உங்கள் தாயின் பெயருக்கு மேலே ஏறிவிடலாம். வசனத்திலும் கவனம் வேண்டும்: சீர்திருத்தச் சபையார் 'சங்கீதம் 23' என்பதைக் கத்தோலிக்கர் 'திருப்பாடல் 23' என்பார்கள், சொற்களும் வேறு. நீதிமொழிகள் 31 மட்டும் இரு தரப்பிலும் அதே தலைப்புதான்.

'அன்பின் சிகரம், பொறுமையின் இலக்கணம்' என்ற வரிகளை வெட்டிவிடச் சொல்லலாம், எந்த அம்மாவுக்கும் பொருந்துகிற வரிகள் அவை. அந்த இடத்தில் அவருடைய வேதாகமத்தில் ஒரு பக்கத்தைப் படமாகப் போடுங்கள்: அடிக்கோடு, ஓரத்தில் எழுதிய தேதி, பிள்ளையின் பரீட்சை எண், எண்ணெய்க் கறை. தாள் மெல்லியது என்பதால் பின்பக்க எழுத்து தெரியும். அடியில் கறுப்புத் தாள் வைத்து ஸ்கேன் செய்தால் மறையும். ஆபரேட்டர் கறையைச் சுத்தம் செய்யட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்பாமல், ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பாருங்கள். பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிப் போட்டது அந்தக் காலத்தில் சாதாரணம்.

கட்டு கைக்கு வந்ததும் நடுவிலிருந்து ஒரு பிரதியை உருவி விரித்துப் பாருங்கள். ஸ்டேப்ளர் பின் மடிப்புக்கோட்டிலேயே விழுந்திருக்க வேண்டும். பிடிஎஃப்பையும் கேட்டு வாங்குங்கள். வெளியூர்ச் சொந்தங்கள் எப்படியும் கேட்பார்கள்.