நெட் போனா, கம்பி லைனா? மண்ணடி போல்ட் கடையிலிருந்து

மூலக்கொத்தளத்தில் புதிதாகக் கடை போடும் நண்பர், எந்த போன் வாங்கலாம் என்று கேட்டிருந்தார். எங்கள் கடையில் இன்டர்நெட் வழியாகப் பேசும் நெட் போன், பழைய செம்புக் கம்பி லேண்ட்லைன் இரண்டுமே ஓடுகின்றன. வாடகை, பிளான் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார், பட்ட கதையை மட்டும் சொல்கிறேன்.

நெட் போனில் வசதி அதிகம், இல்லையென்று சொல்ல மாட்டேன். கல்லாவில் எடுக்காவிட்டால் மாதவரம் குடோனில் அடிக்கும், அங்கேயும் ஆளில்லை என்றால் தம்பியின் செல்போனில் அடிக்கும். கடை சாத்திய பிறகு கூப்பிட்டவர்கள் பட்டியலும் வந்துவிடும், மறுநாள் நாமே கூப்பிட்டு ஆர்டரைப் பிடித்துவிடலாம்.

எரிச்சல் குரலில்தான். எங்கள் தொழிலில் ஆர்டர் என்றாலே அளவுதான். "எட்டு எம்எம் அம்பது, பத்து எம்எம் நூறு" என்று எதிர்முனையில் சொல்லும்போது, நடுவில் அந்தப் 'பத்து' மட்டும் காணாமல் போகும். "அண்ணே, எதுல நூறு?" என்று திரும்பக் கேட்டால் அவருக்குக் கோபம். நெட் கம்பெனியில் சொன்னால் அதிக வேகமுள்ள பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்றார்கள். ஒரு அழைப்புக்கு 100 கேபிபிஎஸ் கூட வேண்டாம் சார், வேகம் பிரச்சினையே இல்லை, குரலைத் துண்டு துண்டாகச் சுமந்து வரும் பாக்கெட்டுகள் சீராக வராமல் முன்னே பின்னே வந்தால் குரல் உடையும். கடைப் பையன்கள் பார்க்கும் வீடியோவும் சிசிடிவியும் அதே வயரில்தான் போகின்றன. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்ததும் பாதி சரியானது. நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்காத கூத்து, அதே ரவுட்டரில் நெட் போன் அழைப்பில் தானாகக் கைவைக்கும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியை அணைத்ததும் நின்றது. அதையும் சொன்னது கம்பெனி இல்லை, கேமரா மாட்ட வந்த பையன்.

அப்புறம் கரண்ட். பழைய செம்புக் கம்பி லைனுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வருவதால் கடை இருட்டில் கிடந்தாலும் மணி அடிக்கும். நெட் போனுக்காக யுபிஎஸ் வாங்கி வைத்தோம். எங்கள் பெட்டியில் விளக்கு ஜம்மென்று எரிகிறது, நாலு கட்டடம் தள்ளி மொட்டை மாடியில் நெட் லைனைப் பிரித்துக் கொடுக்க நெட்காரர் வைத்திருக்கும் ஸ்விட்ச் பெட்டிக்குக் கரண்ட் இல்லை! கடை வரைக்கும் நேராக ஃபைபர் வருகிறது என்றால் பெரும்பாலும் நடுவில் கரண்ட் தின்னும் பெட்டி இல்லாததால் இந்தத் தொல்லை இருக்காது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

கம்பி லைன் மட்டும் யோக்கியமா? மழை பெய்தால் கரகரப்பு, வடிகாலுக்குத் தோண்டினால் லைன் செத்துவிடும், லைன்மேன் வரும் வரை கும்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். செல் நம்பர் மாதிரி கம்பெனி மாற்றிக்கொள்ளவும் முடியாது, அப்பா காலத்து பில் புக்கில் அச்சான நம்பரைத் தொலைக்க மனமில்லாமல்தான் வைத்திருக்கிறோம்.

கணக்குப் போட்டால் புதுக் கடைக்கு நெட் போன்தான். ஆனால் இப்போது இங்கே கரண்ட் இல்லை, நெட் போன் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதனால் உங்கள் தெருவில் செம்புக் கம்பி இன்னும் கொடுக்கிறார்கள் என்றால் முதலில் அதற்கு எழுதிக் கொடுங்கள்.