மெகாபிக்சலை விடுங்கள், பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள்

கேமரா வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, 24 மெகாபிக்சல் போதுமா?" என்றுதான். நான் கேமராவைத் தலைகீழாகத் திருப்பிப் பேட்டரி மூடியைத் திறக்கச் சொல்வேன். உள்ளே என்ன பேட்டரி, எத்தனை மெமரி கார்டுக்கு இடம் என்று தெரிந்தாலே அது எங்கள் பக்கத்து வேலைக்கு ஆகுமா என்று பாதி சொல்லிவிடலாம். கிருஷ்ணகிரி, தர்மபுரியில் கல்யாணம், காதுகுத்து போக, காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளை, தை மாத எருது விடும் விழா, திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து என்று வேலை ஓடும். ஓய்வு கிடைத்தால் நடுகல்லோ மல்லச்சந்திரத்தின் பழங்காலக் கற்திட்டைகளோ பார்க்கப் போவேன். ஒன்று ராத்திரி முழுக்க, இல்லையென்றால் உச்சி வெயில்.

நான் தொடங்கியது பென்சில் செல் போடும் சின்ன கேனன் பவர்ஷாட்டில். ஏஏ செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்குமே என்றுதான் அந்த வகையைப் பலரும் வாங்கினோம். கிடைக்கும், ஆனால் அஞ்செட்டிப் பக்கத்துப் பெட்டிக்கடையில் இருப்பது சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதா செல். அதைப் போட்டால் லென்ஸ் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். அல்கலைன் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். அதன் மேல் 1.5 வோல்ட் என்று இருக்கும், சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லில் 1.2 என்றுதான் இருக்கும். எண்ணைப் பார்த்தால் அல்கலைன் பலசாலி, கேமராவுக்குள் நடப்பது நேர்மாறு. ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போதும் லென்ஸ் நகரும்போதும் கேமரா ஒரேயடியாகக் கரண்ட் இழுக்கிறது. அல்கலைனின் உள்தடை அதிகம் என்பதால் இழுத்த நொடியிலேயே வோல்டேஜ் சரிந்து, செல்லில் இன்னும் மிச்சம் இருக்கும்போதே கேமரா படுத்துவிடும். அப்படித் தள்ளிவைத்த செல்லைக் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். நிக்கல் செல் கிட்டத்தட்ட கடைசிவரை அதே 1.2-ல் நிற்கும்.

பழைய நிக்கல் செல்லுக்கு வேறு ஒரு கெட்ட குணம், சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கிவிடும். 2005-ல் சான்யோ எனிலூப் கொண்டுவந்த பிறகு அந்தத் தொல்லை பெருமளவு ஒழிந்தது. இப்போது அது பானசோனிக் பெயரில் வருகிறது. என் ஃபிளாஷில் இன்றைக்கும் அந்த வகை செல்தான். நாலையும் ஒரே சமயத்தில் வாங்கி, ஒன்றாகவே சார்ஜ் போட்டு, ஒன்றாகவே பயன்படுத்துகிறேன். பழசும் புதுசும் கலந்தால் இளைத்த செல் மற்ற மூன்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

அப்புறம் வந்தது லித்தியம் அயன். ஒரே கட்டி, 7.2 வோல்ட், வெயிட் குறைவு, சார்ஜ் நிற்கும். ஒரு சார்ஜில் எத்தனை படம் என்று கம்பெனிகள் சொல்வது சிப்பா என்ற ஜப்பானிய அமைப்பின் சோதனைமுறைக் கணக்கு. கேனன் 1300டி-க்கு 500 படம், சோனி ஏ7 மார்க் 3-க்கு திரையில் பார்த்து எடுத்தால் 710, கேனன் எம்50-க்கு வெறும் 235. அந்தச் சோதனையில் அரை நிமிடத்துக்கு ஒரு படம், பாதிப் படங்களுக்கு ஃபிளாஷ், 23 டிகிரி அறை. எங்கள் ஊரில் எந்த விசேஷம் இப்படி நடக்கிறது?

எருது விடும் விழாவில் பேட்டரி சிப்பா கணக்கைப் பல மடங்கு தாண்டும். காளை ஓடிவரும் சில நொடிகளில் சடசடவென்று ஒரு கொத்துப் படம், பிறகு ஆஃப். கூத்தில் கதை தலைகீழ். உள்ளே கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமராவில் சென்சாரும் திரையும் ஓடிக்கொண்டே இருப்பதால், எத்தனை படம் எடுத்தோம் என்பதைவிட எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்பதுதான் சார்ஜைத் தின்கிறது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார், நாம் அடுத்த வேஷத்துக்காகக் கண்ணை ஒட்டியபடி காத்திருப்போம், படம் ஒன்றும் எடுக்காமலே பேட்டரி அளவில் ஒரு கட்டை கீழே இறங்கியிருக்கும். எல்லாரும் கேட்கும் படமோ 18-ஆம் போர் முடிந்து, விடிந்தபிறகு வரும் துரியோதனன் படுகளம். அதுவரைக்கும் சார்ஜ் நிற்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் இன்னும் ராஜாதான். வ்யூஃபைண்டர் வழியாக மணிக்கணக்கில் பார்த்தாலும் அது அசராது. மிர்ரர்லெஸ்ஸுக்கு மூன்று பேட்டரி இல்லாமல் நான் கூத்துக்குப் போவதில்லை.

புதுக் கேமராக்களில் டைப்-சி வழியாக பவர் பேங்கில் சார்ஜ் ஏறுவது பெரிய உபகாரம். கூத்துக் களத்தில் இருப்பது மைக் செட்காரரின் பாயிண்ட் மட்டும். "தம்பி, லைட்டுக்கே பத்தல" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

விலை குறைந்த மாற்று பேட்டரிகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். சில நன்றாகவே உழைத்தன. பலவற்றில் அச்சடித்த எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற) கணக்கு வெறும் ஆசை, மீதி சதவீதமும் பொய் சொல்லும். 60 காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று செத்துவிடும். கோடையில் காருக்குள் கிடந்த ஒன்று உப்பி, கேமராவின் வயிற்றிலேயே மாட்டிக்கொண்டது. அப்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. துளை விழுந்தால் தீப்பிடிக்கும், சர்வீஸ் ஆளிடம் கொடுப்பதே நல்லது. ஆடி, மார்கழி மாதிரி வேலை இல்லாத மாதங்களில் பேட்டரியைப் பாதி சார்ஜில், வெயில் படாத அலமாரியில் வைக்கிறேன். முழு சார்ஜும் வெக்கையும் சேர்ந்தால் லித்தியத்துக்கு ஆயுள் குறையும். தளி, ஓசூர் பக்கம் மார்கழி விடியலில் சதவீதம் சட்டென்று குறைந்தால் பதற வேண்டாம். சட்டைப் பையில் சூடேற்றிப் போட்டால் கொஞ்சம் திரும்பி வரும்.

பேட்டரியும் கார்டும் தனித்தனி விஷயம் என்று நினைக்கிறோம். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்தால் போவது அந்த ஒரு படம் மட்டும் இல்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையே கெடலாம். சிவப்பு மின்னியதும் மாற்றிவிடுவேன், கடைசிச் சொட்டு வரை பிழிவதில்லை. அப்படிக் கெட்டாலோ தவறி அழிந்தாலோ அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் எடுத்து வைத்துவிடுங்கள். அழித்தது பெரும்பாலும் அட்டவணையில் இருந்துதான், படம் உள்ளேயே கிடக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் நிறைய மீட்டுத் தரும்.

கார்டு வகைகளில் 1994-ன் காம்பாக்ட் ஃபிளாஷ், சோனியின் மெமரி ஸ்டிக், ஒலிம்பஸும் ஃபூஜிஃபிலிமும் 2002-ல் கொண்டுவந்த எக்ஸ்டி எல்லாம் ஒதுங்கிவிட்டன. 1999-ல் வந்த எஸ்டிதான் நிலைத்தது. பழைய கேமராவை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஒன்று பார்க்க வேண்டும். சாதா எஸ்டி 2 ஜிபி வரை, எஸ்டிஎச்சி 32 வரை, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. 64 ஜிபி கார்டு பழைய பெட்டியில் ஏறாமல் போனால் கார்டைக் குறை சொல்லாதீர்கள்.

கார்டின் மேல் பெரிதாக 170, 200 என்று போட்டிருப்பது படிக்கும் வேகம். எழுதும் வேகம் அதைவிடக் குறைவு. வீடியோ எடுப்பவர் பார்க்க வேண்டியது வி30 என்ற சின்ன எழுத்தை. நொடிக்கு 30 எம்பி-க்குக் குறையாமல் எழுதும் என்று அர்த்தம். நொடிக்கு 100 மெகாபிட் 4கே வீடியோவுக்கு, எட்டு பிட் ஒரு பைட் என்பதால், நொடிக்கு 12.5 எம்பி போதும், எனவே வி30 தாராளம். வி90-க்குக் காசைக் கொட்டும் கல்யாண வீடியோகாரர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். இடம்தான் பிரச்சினை, அதே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி தின்னும்.

போலிக் கார்டுகளும் நிறைய. 128 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே எட்டுதான். நிறையும் வரை எல்லாம் சரியாகத் தெரியும், அதன்பின் எடுப்பது எங்கும் பதியாது. எந்தப் புதுக் கார்டையும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்த பிறகுதான் வேலைக்கு எடுத்துப் போகிறேன். மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகி முகூர்த்தம் எடுப்பதையும் விட்டுவிட்டேன், தொடுமிடம் இரண்டாகிறது, தொல்லையும் இரண்டாகிறது.

இப்போது வைத்திருப்பது இரண்டு ஸ்லாட் கேமரா, இரண்டிலும் ஒரே படம் பதிகிறது. வேலை முடிந்ததும் ஒரு கார்டு பைக்குள், இன்னொன்று சட்டைப் பையில். இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, ஆல்பம் கொடுக்கும் வரை ஒரு கார்டை அழிப்பதில்லை. அழிக்கும்போதும் கம்ப்யூட்டரில் இல்லை, கேமராவிலேயே ஃபார்மட். அடுத்து வாங்கினால் சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வேகமான புதுவகைக் கார்டு போடும் கேமரா வாங்கச் சொல்கிறார்கள். ஒரு கார்டு விலைக்கு எனக்கு இரண்டு ஒரிஜினல் பேட்டரி வரும்போது அது வேண்டாம்.