அரை ஆயுட்காலக் கணக்கு: பாதியாக்கிப் போவதா, சூத்திரமா?

கதிரியக்கப் பொருளான அயோடின்-131இன் அரை ஆயுட்காலம், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 8 நாள். 80 மில்லிகிராம் இருந்தால் 24 நாளில் எவ்வளவு மிஞ்சும்? 80, 40, 20, 10. மூன்று முறை பாதியாக்கினால் விடை வந்துவிடும். முதன்முதலில் படிப்பவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். ஒவ்வொரு முறையும் குறைவது ஒரே அளவு அல்ல, மீதியில் பாதி என்பது கண்ணெதிரே தெரிகிறது. இரண்டு அரை ஆயுட்காலத்தில் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற தவறான எண்ணமும் இதிலேயே போய்விடும்.

சரி, 20 நாள் என்று கேட்டால்? 16ஆம் நாளில் 20, 24ஆம் நாளில் 10, ஆகவே நடுவில் 15 என்று எழுதத் தோன்றும். அது தவறு. சிதைவு நேர்கோட்டில் போவதில்லை. இங்கே சூத்திரம்தான் கைகொடுக்கும்: காலத்தை அரை ஆயுட்காலத்தால் வகுத்தால் 2.5, அரையின் அடுக்காக அதைப் போட்டு 80ஆல் பெருக்கினால் சுமார் 14.1 மில்லிகிராம். மீதியைக் கொடுத்துக் காலத்தைக் கேட்கும் கார்பன்-14 கணக்குகளுக்கு மடக்கையும் (logarithm) வேண்டும்.

தேர்வில் முதலில் வகுத்துப் பாருங்கள். முழு எண் வந்தால் பாதியாக்குங்கள், இல்லையென்றால் சூத்திரம்.