ஊட்டிக் குளிரில் சைக்கிள்: விடியலில் சாலையா, வீட்டுக்குள் ட்ரெய்னரா?

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலை ஆறு மணிக்குக் குன்னூர் சாலையில் இறங்கினால் முதலில் விறைப்பது விரல்கள்தான். பிரேக் பிடிக்கும் கை மரத்துப்போனால் இறக்கம் ஆபத்து. தடித்த கையுறை, காற்றைத் தடுக்கும் மேலாடை, முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். போகும்போது பெரும்பாலும் இறக்கம் என்பதால் வீட்டிலேயே பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். நிழல் வளைவுகளில் ஈரம் காயாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஊட்டியிலிருந்து குன்னூர் போய்வர சுமார் 36 கிலோமீட்டர். திரும்பும்போது பெரும்பாலும் ஏற்றம். இரண்டு மணி நேரம் போய்விடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடுபவருக்கு இது ஒத்துவராது.

சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் ட்ரெய்னருக்கு 45 நிமிடம் போதும்: 10 நிமிடம் மெதுவாக, பிறகு 4 நிமிடக் கடும் மிதி நான்கு முறை, இடையிடையே 3 நிமிடத் தளர்வு, மிச்சம் மெதுவாக. குளிர்தானே என்று மின்விசிறியை விட்டுவிடாதீர்கள். வியர்வை ஆறாமல் இதயத் துடிப்பு ஏறி, பாதியில் களைத்துவிடுவீர்கள்.

எடை குறைக்கும் கணக்கு பெரும்பாலும் கெடுவது சாலையிலிருந்து திரும்பும் பசியில். இனிப்புத் தேநீரும் மொறுமொறு பேக்கரிப் பண்டமான வர்க்கியும் கைக்கு எட்டும் முன் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ தயாராக இருக்கட்டும்.

எங்கள் தேர்வு: வாரநாளில் மூன்று முறை ட்ரெய்னர், ஞாயிறு மட்டும், வெயில் ஏறிய பின் எட்டரைக்குச் சாலை.