கராத்தேயா, யூடோவா, ஜூஜிட்சுவா? தற்காப்புக்கு எது?

யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்குத் தற்காப்புக் கலை பழக்கவேண்டும் என்றதும் பெற்றோருக்கு நினைவு வருவது கராத்தேதான். ஜப்பானின் ஒக்கினாவாத் தீவிலிருந்து வந்த அந்தக் கலையில் குத்தும் உதையும் பிரதானம். எதிராளி எட்ட நிற்கும்போது அது நல்ல ஆயுதம். ஆனால் ரியூசன் முடிந்து, இருட்டின பிறகு ஒழுங்கையால் சைக்கிளில் வரும் பிள்ளையை மறிப்பவன் எட்ட நிற்கமாட்டான். கையைப் பிடிப்பான், பின்னால் வந்து வாயைப் பொத்துவான். ஜூஜிட்சு தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

ஆயுதம் கைவிட்டுப்போன சாமுராய், அதாவது அந்தக்கால ஜப்பானியப் போர்வீரன், கவசம் போட்டவனோடு மல்லுக்கட்டிய காலத்துக் கலை அது. கவசத்தில் குத்தி என்ன பயன்? மூட்டை முறுக்கவும் நிலைகுலைத்து விழுத்தவும்தான் பழகினார்கள். மணிக்கட்டை யாராவது இறுக்கிப் பிடித்தால் நாங்கள் பின்னுக்கு இழுப்போம், பலமுள்ளவன் வெல்வான். ஜூஜிட்சுவில் முழங்கையை அவன் பக்கமாக மடக்கி, பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளியால் கையைத் திருப்பி உருவச் சொல்லித் தருவார்கள். பிடியில் பலவீனமான இடம் அதுதான்.

சரி, அப்படியானால் யூடோ எதற்கு? 1882இல் ஜப்பானிய ஆசிரியர் ஜிகோரோ கானோ ஜூஜிட்சுவிலிருந்து யூடோவை உருவாக்கியபோது, ஆபத்தான அடிகளை மோதும் பயிற்சியிலிருந்து விலக்கினார். அதனால் மாணவர்கள் முழுப் பலத்தோடு எதிர்த்து நின்று பழக முடிந்தது. பழைய பாணி ஜூஜிட்சு வகுப்புகள் பலவற்றில் கூட்டாளி ஒத்துழைத்தே விழுவான். தெருவில் எவனும் அப்படி விழமாட்டான்; இது சின்னக் குறை இல்லை.

என் முடிவு இதுதான்: பிடிகளைச் சொல்லித் தந்து, எதிர்த்து நிற்கும் ஆளிடமும் செய்து பார்க்க வைக்கும் ஆசிரியர் கிடைத்தால் ஜூஜிட்சு. கிடைக்காவிட்டால் யூடோ. அதற்கும் வழியில்லை என்றால் கராத்தே. சிலம்பம் எங்கள் கலை, உடம்புக்கும் நல்லது. ஆனால் கம்போடு யார் ரியூசனுக்குப் போவார்கள்? கத்தி கண்டால் எந்தக் கலையும் வேண்டாம், ஓடவேண்டும்.

சேர்க்க முன் ஒரு வகுப்பைப் போய்ப் பாருங்கள். நாடியை நெஞ்சோடு ஒட்டி, கையால் மெத்தையில் அடித்து விழப் பழக்கிய பிறகுதான் தூக்கிப் போடப் பழக்குகிறார்களா? மூட்டுப் பிடியில் பிள்ளை 'போதும்' என்று கையால் தட்டியதும் மற்றப் பிள்ளை உடனே விடுகிறதா? வெறும் சீமெந்து நிலத்தில் தூக்கிப் போடுகிறார்கள் என்றால் வேறு இடம் தேடுங்கள்.