நோய் திரும்பிய பிறகு: மஜ்ஜை மாற்றா, கார்-டி செல் சிகிச்சையா?

ஈறில் ரத்தம் கசிகிறது என்று தம்பி சொன்ன அன்றே எங்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் ஆரம்பித்தது. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 22,000. இருக்க வேண்டியது ஒன்றரை லட்சத்துக்கு மேல். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்ததும் உறுதியாகிவிட்டது. பி-ஏஎல்எல் வகை ரத்தப் புற்றுநோய், ரிலாப்ஸ். அவனுக்கு வயது 26.

முதல் தடவை நாங்கள் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. டாக்டர் கீமோ அட்டவணையைத் தந்தார், அதன்படி போய் வந்தோம். இந்தத் தடவை, "ரெண்டு மூணு வழி இருக்கு, வீட்ல பேசிட்டு வாங்க" என்றார். சித்தப்பா ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் பிஎம்டி (எலும்பு மஜ்ஜை மாற்று), மறுபக்கம் கார்-டி என்று எழுதினார். அந்த நோட்டை வைத்துக்கொண்டு விசாரித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் முடிவு தம்பியின் உடம்புக்கானது. உங்கள் வீட்டில் வேறாக வரலாம்.

வெறும் கீமோவை முதலிலேயே அடித்துவிட்டோம். பெரியவர்களுக்கு இந்த நோய் திரும்பிவிட்டால் கீமோ மட்டும் போட்டு நிரந்தரமாக விரட்டுவது அரிது. அடுத்த சிகிச்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் அது உதவும்.

எலும்பு மஜ்ஜை மாற்று நம் ஊருக்குப் புதிதில்லை. வேலூர் சிஎம்சியில் 1986 முதல் செய்கிறார்கள். கூடப் பிறந்தவர் ஒருவரோடு முழுப் பொருத்தம் வர நான்கில் ஒரு வாய்ப்பு. எனக்கும் தம்பிக்கும் எச்எல்ஏ (செல் பொருத்தம் பார்க்கும் சோதனை) பார்த்ததில் பாதிப் பொருத்தம்தான் வந்தது. முன்பு என்றால் அதோடு கதவு சாத்தியிருக்கும். இப்போது செல் ஏற்றிய மூன்றாம், நான்காம் நாள் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தைக் கொடுத்து, பாதிப் பொருத்தத்திலும் செய்கிறார்கள். டோனராக என் வேலை சின்னதுதான்: ஐந்து நாள் ஊசி, கொஞ்சம் எலும்பு வலி, பிறகு ஒருநாள் நாலைந்து மணி நேரம் மிஷினோடு இணைந்து படுத்திருக்க வேண்டும்.

பெரிய வேலை தம்பியின் உடம்புக்கும் அம்மாவுக்கும். பழைய மஜ்ஜையை மருந்தாலோ கதிர்வீச்சாலோ காலி செய்துவிட்டுத்தான் புதுச் செல்லை ஏற்றுவார்கள். ரத்த அணுக்களின் கவுண்ட் ஏற இரண்டு முதல் நான்கு வாரம். அப்புறம் நூறு நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அறை. பூ கூடாது, பச்சைக் காய் கூடாது, குக்கரில் வெந்த சோறு, கொதித்து ஆறிய தண்ணீர். என் செல்கள் அவன் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியம் என்று நினைத்துத் தாக்கலாம். ஜிவிஎச்டி என்கிறார்கள். இதைக் கேட்ட இரவு நான் தூங்கவில்லை. அவனைக் காப்பாற்றப் போகும் அதே செல்தான் அவனைப் படுத்தவும் போகிறது. ஆனால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்லைத் தேடிப் பிடிப்பதும் அந்தக் குணம்தான் என்று டாக்டர் சொன்னார்.

கார்-டியில் டோனரே வேண்டாம். நோயாளியின் சொந்த டி-செல்லை (நோய் எதிர்ப்புச் செல்) எடுத்து, இந்தப் புற்றுச் செல்லின் மேல் இருக்கும் சிடி19 என்ற அடையாளத்தைப் பார்த்துத் தாக்கும்படி ஆய்வகத்தில் மாற்றி, திரும்ப ஏற்றுகிறார்கள். பிலடெல்பியாவில் 2012-இல் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்குச் செய்தபோது அவளுக்கும் நோய் திரும்பியிருந்தது. இன்று பெரிய பெண்ணாக இருக்கிறாள். அமெரிக்காவில் 2017-இல் இந்தச் சிகிச்சை வந்தபோது விலை 4,75,000 டாலர். மும்பை ஐஐடியும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. விலை சுமார் 40 லட்சம். ரத்தப் புற்றும் லிம்போமாவும் சேர்ந்த ஆய்வில் சுமார் 73 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்ததாக 2025-இல் வெளியானது.

அந்த 73-ஐ சித்தப்பா நோட்டில் வட்டம் போட்டுவிட்டார். பலன் தெரிவது வேறு, அந்தப் பலன் நிலைப்பது வேறு. கார்-டிக்குப் பிறகும் சிலருக்கு நோய் திரும்புகிறது. அதனாலேயே பெரியவர்களில் பலருக்கு அதற்குப் பிறகும் மஜ்ஜை மாற்றை யோசிக்கிறார்கள். ஆக, 40 லட்சம் கொடுத்த பிறகும் நூறு நாள் அறை நமக்காகக் காத்திருக்கலாம். நாங்கள் விசாரித்த இடங்களில் பாதிப் பொருத்த மாற்றுக்கு 20 முதல் 30 லட்சம் சொன்னார்கள். முதல்வர் காப்பீட்டிலும் ஓரளவு உதவி உண்டு. ஒரு மருத்துவமனையில் தம்பியின் ரிப்போர்ட்டைப் பிரிக்காமலே தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறும்வரை பேசவில்லை.

உடம்புப் பாட்டில் கார்-டி கொஞ்சம் இலகு. செல் ஏற்றிய நாட்களில் கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குதல், சிலருக்குக் குழப்பமான பேச்சு வரும். அதற்கு மருந்து உண்டு. ஒரு மாதம் பக்கத்தில் இருந்தால் போதும் என்கிறார்கள். ஆனால் செல் தயாராகச் சில வாரம் பிடிக்கும். அதுவரை நோய் காத்திருக்க வேண்டுமே!

இரண்டுக்கும் நடுவில் பிளினாடுமோமாப் இருக்கிறது. 28 நாள் இடைவிடாமல் பம்ப் வழியாக ஏறும் மருந்து. இதுவும் பல லட்சம். முதல் சுற்றில் ஒன்பது நாள் மருத்துவமனைப் படுக்கை, பிறகு பம்பைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். இதுவும் சிடி19-ஐத்தான் குறிவைக்கிறது. சில நேரம் புற்றுச் செல் அந்த அடையாளத்தையே உதறிவிடும். பிறகு கார்-டி பிடிக்காது. அதனால் எதை முதலில், எதைப் பிறகு என்பதை ஆரம்பத்திலேயே டாக்டரிடம் கேளுங்கள். நாங்கள் கேட்கத் தாமதித்தோம்.

நோட்டில் யாரும் எழுதாத மூன்றாவது பக்கத்தைத் தம்பிதான் திறந்தான். "அக்கா, எதுல நான் அதிக நாள் வீட்ல இருக்கலாம்?" வலி நிவாரண மருத்துவரிடம் அன்றே பேசினோம். அவரைப் பார்ப்பது என்றால் கைவிடுவது என்று அம்மா பயந்தாள். சிகிச்சையோடு சேர்ந்தே அவர் பார்ப்பார், வாய்ப்புண் வலிக்கும் வாந்திக்கும் அவர்தான் கைகொடுப்பார் என்று தெரிந்ததும் ஒத்துக்கொண்டாள். எல்லாம் கேட்டபின் தம்பி சொன்னான்: "மாத்து பண்ணிக்கிறேன். அது பிடிக்கலன்னா என்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடணும்." அப்பா சரி என்றார்.

மாற்றுக்கு முன் நோயை அடக்க பிளினா இப்போது ஓடுகிறது, இன்று பதினெட்டாம் நாள். அம்மா பழைய சேலையில் தைத்த பையில் பம்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறான். சுற்று முடிந்ததும் மஜ்ஜை எடுப்பார்கள். எம்ஆர்டி நெகட்டிவ், அதாவது நுணுக்கமாகத் தேடியும் மிச்சப் புற்றுச் செல் தென்படவில்லை என்று வந்தால் எனக்கு ஊசி ஆரம்பிக்கும். வராவிட்டால், சிடி19 மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கார்-டி.